ஒரே அறை, ஒரே சிகரெட் – கடிதம்

வணக்கம் ஐயா,

என் தம்பிக்கு 22 வயது. வாணியம்பாடியில் இருந்தவரை சிகரெட் பழக்கம் கிடையாது. ஒன்றரை வருடமாகப் பெங்களூரில் பி.டி.எம். லேஅவுட் பி.ஜி. ஒன்றில் தங்கி நைட் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறான். இப்போது ஒரு நாளைக்கு ஏழெட்டு ஆகிறது. அவனோடு சேர்ந்து ஆரம்பித்த ரூம்மேட் மாதத்துக்கு ஒன்றிரண்டோடு நின்றுகொள்கிறான். “மனசு வெச்சா விட முடியாதா?” என்று அப்பா திட்டுகிறார். இவனுக்கு மட்டும் ஏன் இப்படி? நான் என்ன செய்யட்டும்?

வாசகி, பெங்களூர்

அன்புள்ள வாசகிக்கு,

ஒரு சிகரெட்டாவது பிடித்துப் பார்த்தவர்களில் எத்தனை பேர் தினமும் பிடிப்பவர்களாக ஆகிறார்கள்? பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. சில காலத்துக்காவது அப்படி ஆனவர்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அந்தக் கணக்கில் பார்த்தால், விசாரிக்க வேண்டியது ரூம்மேட் எப்படித் தப்பினான் என்பதைத்தான்.

இழுத்த புகையில் இருக்கும் நிக்கோட்டின் பத்து இருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே டோபமைன் என்ற, இன்ப உணர்வு தரும் ரசாயனம் சுரக்கிறது. கொஞ்சம் சுறுசுறுப்பு, கொஞ்சம் நிம்மதி. ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்றால், ஏழு சிகரெட்டில் ஒரு நாளைக்கு எழுபது தடவை மூளைக்கு இந்தப் பாடம் நடக்கிறது. நிக்கோட்டின் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் பெருகிவிடுகின்றன. ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகும்போது அந்த ஏற்பிகள் காலியாகி எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல் எல்லாம் வரும். அடுத்த தம்மில் அடங்கும். “டென்ஷன் குறையுது” என்று தம்பி சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அதில் பாதி டென்ஷன் முந்தைய சிகரெட் வைத்துவிட்டுப் போனது.

தினமும் பிடித்தால்தான் அடிமை என்று நினைக்கிறோம். அமெரிக்க மருத்துவர் ஜோசப் டிஃப்ரான்ஸா, மாசசூசெட்ஸில் 12, 13 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியிட்டது வேறு. சிலருக்கு எப்போதாவது ஒன்று என்ற கட்டத்திலேயே, தினசரிப் பழக்கம் வருவதற்கு முன்பே, ஏக்கமும் எரிச்சலும் தொடங்கிவிட்டிருந்தன. “வீக்எண்ட் மட்டும்தான்” என்பவரைப் பற்றி நிம்மதியாக இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான். இளம் வயதில் ஆபத்து கூடுதல். அவசரத்துக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. (வாணியம்பாடியில் தொட்டதே இல்லை என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். முதல் சிகரெட் வீட்டுக்குத் தெரிந்ததைவிடப் பெரும்பாலும் முந்தியது.)

ரூம்மேட்டுக்கு வருவோம். நிக்கோட்டினைச் சிதைப்பது கல்லீரலில் உள்ள சிஒய்பி2ஏ6 என்ற நொதி. அது சிலருக்கு வேகம், சிலருக்கு மந்தம், மரபணு தீர்மானிப்பது. வேகமாகச் சிதைப்பவருக்கு அடுத்த சிகரெட்டின் தேவை சீக்கிரம் வரும், விடுவதும் கடினம். ஏற்பியின் அமைப்பிலும் பரம்பரை வேறுபாடு உண்டு. சிலருக்கு முதல் சில இழுப்பிலேயே தலைசுற்றி, குமட்டி, “போதும்” என்று உடம்பு சொல்லிவிடும். சிலருக்கு அந்தக் குரல் மெலிதாகத்தான் கேட்கும். இதில் யாருக்கும் பாராட்டும் இல்லை, பழியும் இல்லை.

மீதியைப் பெங்களூர் பார்த்துக்கொள்கிறது. ஆபீசிலிருந்து இறங்கினால் எதிரே ஒரு காண்டிமெண்ட்ஸ் கடை. கயிற்றில் தொங்கும் லைட்டர், கையில் அரை டீ, லூஸில் ஒன்று. பெட்டியின் 85 சதவீதத்தை அடைத்துக்கொண்டிருக்கும் எச்சரிக்கைப் படம் லூஸில் வாங்குபவன் கண்ணில் படுவதே இல்லை; ஒரு நாளைக்கு எத்தனை என்ற கணக்கும் அவனிடம் நிற்பதில்லை. கர்நாடகத்தில் 2025 முதல் லூஸில் விற்கவும், 21 வயது நிரம்பாதவருக்கு விற்கவும் தடை இருக்கிறது. கடைக்காரர் வயது கேட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நைட் ஷிஃப்டில் இது இன்னும் கெட்டி. இரண்டு மணிக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது டீம் லீடரும் நாலு பேரும் கீழே இறங்குவார்கள்; போகாதவன் ஹெட்செட்டோடு மேலே தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஊர் விட்டு வந்தவனுக்கு நட்பு கிடைக்கிற இடமே அந்த ஏழு நிமிடம்தான். விட்டுவிடு என்று சொல்லும்போது அதையும் சேர்த்து விடச் சொல்கிறோம்.

இனி செய்ய வேண்டியது. தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி: தூங்கி எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? அரை மணி நேரத்துக்குள் என்றால் பிடிமானம் பலமானது. அப்படியானால் டாக்டரிடம் 4 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் (சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லும் மருந்து) பற்றிக் கேளுங்கள். அதற்குப் பிறகுதான் என்றால் மெடிக்கலில் கிடைக்கும் 2 மில்லிகிராம் போதும்.

கம் பலன் தரவில்லை என்று தூக்கிப் போடுபவர்களில் பலர் அதை பபுள்கம் மாதிரி மென்றவர்கள். அப்படி மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாகச் சில தடவை மெல்ல வேண்டும். காரமோ சுருக்கென்றோ தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். உணர்வு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். மொத்தம் அரை மணி நேரம். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, ஜூஸ் கூடாது. வாயில் அமிலம் இருந்தால் மருந்து உறிஞ்சப்படாது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு இடைவெளியைக் கூட்டி 12 வாரத்தில் முடிக்கலாம்.

காபி விஷயம் பலருக்குத் தெரியாது. புகை, காஃபினை உடம்பு வேகமாக வெளியேற்றும்படி செய்கிறது. நிறுத்தியதும் அதே நாலு காபி எட்டு போல வேலை செய்யும்: படபடப்பு, தூக்கமின்மை. அதைச் சிகரெட் ஏக்கம் என்று நினைத்து மறுபடி பற்ற வைப்பார்கள். நிறுத்தும் நாளிலிருந்தே காபியைப் பாதியாக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம், மூன்றாம் நாள்தான் மோசம். இரண்டிலிருந்து நாலு வாரத்தில் தணியும். ஆகவே வார விடுமுறை தொடங்கும் நாளில் நிறுத்துவது நல்லது. ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடங்களில் தானாகத் தணியும். வேப் (இ-சிகரெட்) பக்கம் போக வேண்டாம். நிக்கோட்டின் அதிலும் உண்டு, 2019 முதல் விற்பனைக்குத் தடை. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். அது சிகரெட் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது, லூஸில் வாங்குபவனுக்குத்தான் தெரியாது.

நீங்கள் சட்டையை மோந்து பார்க்காதீர்கள். ஷிஃப்ட் பிரேக்கில் ஒரு போன் செய்யுங்கள், வேறு எதையாவது பேசுங்கள். இடையில் ஏதோ ஒரு பார்ட்டியில் ஒன்று பிடித்துவிட்டான் என்றால் அப்பாவிடம் சொல்ல வேண்டாம். மறுநாள் கம்மைத் தொடர்கிறானா என்பதை மட்டும் பாருங்கள்.