ஓ.டி.ன்னா தினம் ஒண்ணா, வலது கண்ணா? கேஸ் ஷீட் ஷார்ட் ஃபார்ம் சந்தேகங்கள்

நான் கிளினிக்கல் பார்மசிஸ்ட், 17 வருஷமா வார்டுல மருந்து சார்ட் செக் பண்றதுதான் பொழப்பு. கேளுங்கன்னு சொன்னதும் கேள்வி குவிஞ்சிடுச்சு, முடிஞ்சதுக்கு பதில் போடுறேன்.

அக்கா, நான் நர்சிங் மூணாம் வருஷம். ஓ.டி.ன்னா தினம் ஒருவேளைன்னு படிச்சோம், கண் வார்டு சிஸ்டர் வேற சொல்றாங்களே?

ரெண்டும் சரிதான்மா, அதான் வம்பே. மருந்து சார்ட்ல தினம் ஒருவேளை, கண் டிபார்ட்மென்ட்ல வலது கண், கேஷுவால்டில ஓவர்டோஸ். சொட்டு மருந்துக்குப் பக்கத்துல வெறும் ஓ.டி.ன்னு இருந்தா நீயா முடிவு பண்ணாத, எழுதினவங்களையே கேளு. அமெரிக்காவுல தினம் ஒருவேளைக்கு க்யூ.டி.ன்னு எழுதுவாங்க, நடுவுல இருக்குற புள்ளி ஐ மாதிரி தெரிஞ்சு க்யூ.ஐ.டி. ஆயிடும், அதாவது நாலு வேளை. அதனாலதான் அங்க ஆஸ்பத்திரிகளோட தரத்தைப் பாக்குற ஜாயின்ட் கமிஷன் 2004லயே எழுதக் கூடாத லிஸ்ட் போட்டப்ப அதையும் சேர்த்துட்டாங்க.

இன்சுலினுக்கு யூன்னு போட்டா சீனியர் திட்றாங்க மேடம். யூனிட்டுக்கு யூ தானே?

திட்டட்டும், நல்லதுக்குத்தான். அவசரத்துல எழுதின யூ சைபர் மாதிரி இருக்கும், 4 யூ எழுதினா 40ன்னு படிக்கலாம், பத்து மடங்கு இன்சுலின் ஏறினா பேஷண்ட் சுகர் விழுந்து மயங்கிடுவாரு. நம்ம ஊர்ல மில்லிக்கு 40 யூனிட் இருக்குற வயலும் 100 யூனிட் இருக்குற வயலும் ரெண்டும் கிடைக்குது, சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு, ஏற்கனவே இருக்குற குழப்பம் போதாதா? யூனிட்ஸ்னு முழுசா எழுதுங்க. இதே கதைதான் புள்ளிக்கும். 1.0 மி.கி. எழுதினா புள்ளி மங்கி 10 ஆகும், .5 எழுதினா 5 ஆகும், அதனால 1, 0.5 இப்படித்தான். லேப் ரிப்போர்ட்ல கிரியாட்டினின் 1.0ன்னு வந்தா பதறாதீங்க, அது அளவோட துல்லியத்தைக் காட்டுறதுக்கு, அங்க ஓகே.

அம்மாவுக்கு மூட்டுவாதம். சீட்டுல மெத்தோட்ரெக்ஸேட் ஓ.டபிள்யூ.ன்னு இருக்கு, கடைக்காரர் தினம் ஒண்ணுன்னு கவர்ல எழுதிக் குடுத்துட்டார். அஞ்சு நாள் போட்டாச்சு.

மாத்திரையை உடனே நிறுத்திட்டு இன்னைக்கே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. ஓ.டபிள்யூ.ன்னா வாரம் ஒருவேளை; மூட்டுவாதத்துக்கு அது வாரத்துல ஒரே ஒரு நாள் போடுற மருந்து, தினம் போட்டா வாய்ப்புண் வரும், எலும்பு மஜ்ஜை பாதிச்சு ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்து. வாய்ல புண் இல்லன்னாலும் ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, எத்தனை மாத்திரை போச்சுன்னு எண்ணி, அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க. டாக்டருங்க யாராவது படிச்சா, இந்த மருந்துக்கு மட்டுமாவது 'வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை'ன்னு கிழமையோட எழுதுங்க, கை வலிக்காது.

மேடம், நைட் டியூட்டில 40 பேஷண்ட். எல்லாத்தையும் விரிச்சு எழுதினா விடிஞ்சிடும்.

எல்லாத்தையும் யாரு டாக்டர் கேட்டா? பி.பி., ஈ.சி.ஜி. எல்லாம் அப்படியே இருக்கட்டும். மருந்து பேரு, டோஸ், வலது இடது, இந்த மூணுல மட்டும் சுருக்காதீங்க. எம்.டி.எக்ஸ்.னு எழுதினா மெத்தோட்ரெக்ஸேட்டா, மைட்டோக்ஸான்ட்ரோன்ங்கிற கேன்சர் மருந்தா? ஏ.எஃப்.னா சாப்பாட்டுக்கு அப்புறமா, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ங்கிற இதயத்துடிப்புக் கோளாறா? எழுதுற உங்களுக்கு சந்தேகமே வராது, காலைல ஷிப்ட் மாறி வர்றவங்கதான் முழிப்பாங்க. மைக்ரோகிராமுக்கு அந்த மியூ (µ)ங்கிற கிரேக்க எழுத்தும் வேணாம், எம்.ஜி.ன்னு படிச்சா தைராய்டு மாத்திரை ஆயிரம் மடங்கு. மருந்து பேரை தெளிவா, முடிஞ்சா கேபிடல் எழுத்துல எழுதணும்னு மெடிக்கல் கவுன்சில் 2016லயே விதியைத் திருத்தியாச்சு, ஆனா வார்டுல இன்னும் கோழி கிறுக்கல்தான், என்னத்த சொல்ல.

மெடிக்கல் கோடிங்ல இருக்கேன். ஆர்.டி.ஏ.ன்னு வந்தா ரோடு ஆக்சிடென்ட்னு போட்டுடலாமா?

கூடாது தம்பி. கிட்னி வார்டு சார்ட்னா அது ரீனல் ட்யூபுலர் அசிடோசிஸ்ங்கிற கிட்னி நோயா இருக்கலாம். எழுதின டாக்டருக்கு க்வெரி அனுப்பு.

அப்பாவோட டிஸ்சார்ஜ் சம்மரில பாதி புரியல. கேஸ் ஷீட் காப்பி கேட்டா குடுப்பாங்களா?

குடுத்துதான் ஆகணும் சார். மெடிக்கல் கவுன்சிலோட 2002 விதிப்படி எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள தரணும், உள்நோயாளி ரெக்கார்டை சிகிச்சை ஆரம்பிச்ச நாள்ல இருந்து மூணு வருஷம் வச்சிருக்கணும். மனுவோட நகல்ல தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கி வச்சுக்கோங்க, இல்லன்னா 'எப்ப சார் குடுத்தீங்க'ன்னு கேப்பாங்க.