‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்பவர்களிடம் என்ன சொல்வது?
வாசகர் கேள்வி பதில்

என் மகனுக்கு இப்போது 23 வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பத்துப் பதினைந்து சொற்கள் பேசுவான். மீதியைக் கையாலும் கண்ணாலும் சொல்லிவிடுவான். சிறப்புக் குழந்தைகளை வளர்க்கும் குடும்பங்களைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியதிலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இங்கே பதில் சொல்ல இடம் போதாது. ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே என் பதில்.

என் மகனுக்கு நான்கு வயது. ஆறு மாதத்துக்கு முன் ஆட்டிசம் என்று உறுதியானது. சொந்தக்காரர்கள், தோழிகள் எல்லாருமே ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்கிறார்கள். ஒருவரும் வந்து நிற்பதில்லை. எனக்கும் வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை, அக்கா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைசி வரியை இன்னும் ஒரு முறை. முதலில் தூக்கத்தைக் கவனிப்போம், மற்றதெல்லாம் அப்புறம்.

‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்பவர்களில் பாதிப் பேர் மனதாரத்தான் சொல்கிறார்கள். என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது. குழந்தையைத் தொட்டால் அழுவானோ, தப்பாக ஏதாவது செய்துவிடுவோமோ என்று உள்ளுக்குள் பயம். நாமும் ‘ஒண்ணும் வேண்டாம், பரவாயில்லை’ என்று சொல்லிவிடுகிறோம். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோகிறது.

நான் இப்படித்தான் இரண்டு வருடம் ஓட்டினேன். ஒரு நாள் காய்ச்சலில் எழுந்திருக்கவே முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து வழக்கம்போல ‘ஏதாவது வேணுமா’ என்றார். வெட்கத்தை விட்டு, ‘சனிக்கிழமை நாலு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் இவன்கூட இருக்க முடியுமா’ என்று கேட்டுவிட்டேன். கிழமையும் மணியும் சேர்த்து நான் கேட்ட முதல் உதவி அதுதான். ‘அவ்வளவுதானா, வர்றேன்’ என்றார்.

முதல் சனிக்கிழமை நான் தூங்கவே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மகனுக்கு அப்போது பழைய சட்டைப் பட்டன்கள் என்றால் உயிர். ஒரு டப்பா நிறைய வைத்துக்கொண்டு, தரையில் வரிசையாக அடுக்குவான். வரிசையை யாராவது தொட்டால் அலறல்தான். அக்காவிடம் இரண்டே விஷயம் சொல்லியிருந்தேன்: வரிசையைக் கலைக்க வேண்டாம், அவனாக வரும்வரை பேச்சுக் கொடுக்க வேண்டாம். அவர் ஓர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தார். இரண்டாவது வாரமும் அப்படியே போனது. மூன்றாவது வாரம் உள்ளே சத்தமே இல்லாததால் எட்டிப் பார்த்தேன். அவன் அக்காவின் உள்ளங்கையைத் தானே விரித்து, நீலப் பட்டன் ஒன்றை அதில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்கப் போய்க்கொண்டிருந்தான். அன்றுதான் நான் போய்ப் படுத்தேன். ஆறு மணிக்கு அவர்தான் எழுப்பினார்.

அதனால் இன்று ஒரு காகிதம் எடுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் முதுகை ஒடிக்கும் வேலைகளை எழுதுங்கள். தெரபிக்குக் கூட்டிப்போய்வருவது, மருந்து வாங்குவது, துணி மடிப்பது, ராத்திரி இரண்டு மணிக்கு அவன் விழித்துக்கொண்டால் உடன் உட்கார்ந்திருப்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யாரைக் கேட்கலாம் என்று ஒரு பெயர். குழந்தையைத் தொடப் பயப்படுகிறவரிடம் மருந்து வாங்கும் வேலையைக் கொடுங்கள், அதுவும் உதவிதான். அடுத்து யாராவது ‘சொல்லு’ என்றால் அந்தக் காகிதத்திலிருந்து ஒன்றைப் படித்துக் காட்டுங்கள். சிலர் நழுவுவார்கள். அவர்களை விட்டுவிடுங்கள், அதற்காக அழ வேண்டாம்.

இன்னொரு பக்கத்தில் மகனைப் பற்றி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எது பிடிக்கும், எந்தச் சத்தம் ஆகாது, தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் காட்டுவான், தலையில் அடித்துக்கொண்டால் முதலில் என்ன செய்ய வேண்டும். புதிதாக வருகிறவருக்குப் பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

கடைசியாக, இதே பாதையில் ஐந்தாறு வருடம் முன்னால் நடந்துவிட்ட ஒரு தாயைத் தேடிப் பிடியுங்கள். தெரபி மையத்தின் காத்திருப்பு பெஞ்சிலேயே கிடைப்பார். 1971-ல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் ‘பைலட் பேரண்ட்ஸ்’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அனுபவப்பட்ட பெற்றோருக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, அதே மாதிரிக் குழந்தை உள்ள புதுப் பெற்றோருடன் ஒருவருக்கு ஒருவராகச் சேர்த்துவிடுவது, அவ்வளவுதான். அது மற்ற ஊர்களுக்கும் பரவி, இன்றுவரை ‘பேரண்ட் டு பேரண்ட்’ என்ற பெயரில் நடக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ‘இன்னைக்கு என்னைக் கடிச்சிட்டான்’ என்று நீங்கள் செய்தி அனுப்பினால், பதறாமல் ‘எந்தக் கை?’ என்று கேட்க ஒருவர் வேண்டும். டாக்டரால் அது ஆகாது.

பேரனுக்கு ஆட்டிசம். மருமகள் கைபேசியைக் கொடுத்துப் பழக்கியதும், சரியாகக் கொஞ்சாததும்தான் காரணம் என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறார். வீட்டில் நிம்மதி இல்லை. அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

ஐயா, நீங்கள் கேட்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். தாத்தாக்கள் பெரும்பாலும் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார்கள்.

இந்தப் பழி புதிதல்ல. லியோ கன்னர் என்ற மருத்துவர் 1943-ல் ஆட்டிசத்தைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதினார். அதன்பின் இருபது வருடத்துக்கு மேல், படித்த நிபுணர்களே பாசமில்லாத தாய்தான் காரணம் என்று சொல்லிவந்தார்கள். ‘குளிர்பெட்டித் தாய்’ என்றே அந்தப் பெண்களுக்குப் பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964-ல் இதை மறுத்து ஒரு புத்தகமே எழுதினார். அவருக்கே ஆட்டிசம் உள்ள மகன் இருந்தான்; தன் மனைவி எப்படிப்பட்ட தாய் என்று அவருக்குத் தெரியாதா? 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் இருவரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். மரபணுவும் ஒன்றேயான ஒரே உருவ இரட்டையரில் 11 ஜோடிகளில் 4-ல் இருவருக்குமே ஆட்டிசம். மற்ற வகை இரட்டையரில் 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஒரே வீடு, ஒரே தாய், ஆனாலும் இந்த வித்தியாசம். மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பின்னால் வந்த ஆராய்ச்சிகளும் அதையே உறுதி செய்தன.

சின்னக் குழந்தைக்குக் கைபேசி அதிகம் வேண்டாம், சரி. ஆனால் கைபேசியால் ஆட்டிசம் வருவதில்லை. தடுப்பூசியாலும் வருவதில்லை; அப்படிச் சொன்ன 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அது வெளியான ‘லான்செட்’ மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதையெல்லாம் சொல்லியும் உங்கள் மனைவி மாறாமல் இருக்கலாம். என் மாமியாரும் எந்த விளக்கத்துக்கும் மசியவில்லை. ஒரு முறை அவரையே தெரபிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு மூலையில் அவரை உட்காரவைத்து, பேரனின் கையைப் பிடித்து மணிகோக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதை அவரே தொடர்ந்தார். செய்வதற்கு ஒரு வேலை வந்த பிறகு குறை சொல்வது தானாகக் குறைந்தது. உங்கள் வீட்டிலும் முயன்று பாருங்கள். அதுவரை, மருமகள் முன்னால் அந்தப் பேச்சு எழும்போது ‘அப்படிச் சொல்லாதே’ என்று நீங்கள் ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை நாள் காத்திருக்கிறாளோ.

எதிர்வீட்டில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பெண் குழந்தை, ஏழு வயது. அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய ஆசை. மனம் புண்படும்படி எதுவும் பேசிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

குழந்தையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நேரில் பார்க்கும்போது அந்தப் பெயரைச் சொல்லி, அவள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். ‘சாப்பிட்டாளா?’ என்று அம்மாவிடம் கேட்காமல் ‘சாப்பிட்டியா?’ என்று அவளிடம் கேளுங்கள். பதில் வர நேரமாகலாம், காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டால் சரியாக இருக்கும்.

‘பாவம்’ என்ற சொல் வேண்டாம். ‘கடவுள் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்’ என்பதும் வேண்டாம்; சொல்கிறவருக்கு ஆறுதலாக இருக்கும், கேட்கிறவருக்குப் பாரம். வைத்தியம் சொல்லாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் நோயல்ல, 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது. 1959-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பிறந்தநாளுக்கு அவளைக் கூப்பிடுங்கள். என் மகனுக்குப் பத்து வயது வரை ஒரே ஒரு அழைப்பு வந்தது. அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். கூப்பிடும்போது ‘அவளுக்கு எது வசதி? பாட்டுச் சத்தத்தைக் குறைக்கவா?’ என்று அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். அவர்கள் பாதியில் கிளம்பினாலும் வருத்தப்படாதீர்கள். அடுத்த வருடமும் கூப்பிடுங்கள்.

மகனுக்குப் பெருமூளை வாதம். பெரியவள் 12 வயது. இப்போதெல்லாம் தோழிகளை வீட்டுக்கு அழைத்து வருவதில்லை. தம்பிமேல் உயிராக இருந்தவள். கேட்டால் ‘ஒண்ணுமில்லை’ என்கிறாள்.

அந்த ‘ஒண்ணுமில்லை’யை அவள் உங்களிடமிருந்துதான் கற்றிருப்பாள். நாம் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம்.

12 வயதில் எந்தப் பிள்ளைக்கும் வீட்டைப் பற்றிக் கூச்சம் வரும். இவளுக்கு அதோடு, கூச்சப்படுகிறோமே என்ற குற்ற உணர்வும் சேர்ந்திருக்கும். ‘தம்பியைப் பார்த்து வெட்கமா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ‘எனக்கும் சில நாள் அலுப்பாத்தான் இருக்கும்’ என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். அவள் பேசினால் திருத்தாமல் கேளுங்கள். தோழிகள் ‘உன் தம்பி ஏன் இப்படி நடக்கிறான்’ என்று கேட்டால் சொல்ல அவளுக்கு ஒரு வரி வேண்டும். ‘அவன் மூளையிலிருந்து தசைக்குப் போற கட்டளை சரியாப் போய்ச் சேராது, மத்தபடி எல்லாம் புரியும்’ என்பதுபோல அவள் வயதுக்கு ஏற்ற ஒரு வரியை இருவரும் சேர்ந்து தயார் செய்யுங்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டான் மேயர் என்பவர் 1980-களின் தொடக்கத்தில் இந்த அண்ணன் அக்காக்களுக்காகவே ‘சிப்ஷாப்’ என்ற கூட்டத்தை ஆரம்பித்தார். அங்கே பெரும்பகுதி விளையாட்டுதான். விளையாட்டின் இடையில், இதே மாதிரி வீட்டிலிருந்து வந்த மற்ற பிள்ளைகளோடு பேச்சு தானாக வரும். உங்கள் பெற்றோர் குழுவில் அவள் வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் இருப்பார்கள். மாதம் ஒரு முறை அவர்களைத் தனியாக விளையாட விடுங்கள், பெரியவர்கள் யாரும் பக்கத்தில் போக வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரம் தம்பி இல்லாமல் அவளோடு வெளியே போய் வாருங்கள். அந்த நேரத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள, முதல் கேள்விக்குச் சொன்ன காகிதம் உதவும்.

எனக்கும் கணவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மகளுக்கு 22 வயது, அறிவுசார் குறைபாடு. எங்களுக்குப் பிறகு அவளுக்கு யார்? இந்தக் கேள்வியால் தூக்கம் வருவதில்லை.

எனக்கும்தான், அம்மா.

சொத்து, பாதுகாவலர் போன்ற சட்ட விஷயங்கள் நாட்டுக்கு நாடு மாறும். அதற்கு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு, யாரோடு எங்கே வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் மகளுக்கும் உண்டு என்கிறது. அதனால் முதலில் அவளையே கேளுங்கள். படம் காட்டிக் கேட்டாலும் சரி.

பணத்தைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது, என் மகனைத் தெரிந்த ஆட்களே இல்லாமல் போவது. கனடாவின் டொராண்டோவில் ஜூடித் ஸ்னோ என்று ஒரு பெண் இருந்தார். கைகால் அசைவு மிகக் குறைவு. இளம் வயதிலேயே பராமரிப்பு இல்லத்தில் அடைந்து கிடக்க வேண்டிய நிலை. 1980-ஐ ஒட்டி அவருடைய நண்பர்கள் ஒரு குழுவாகக் கூடி, அவரோடு உட்கார்ந்து பேசி, அவரை வெளியே கொண்டுவந்தார்கள். பின்னால் உலகமெங்கும் ‘ஆதரவு வட்டம்’ என்று பெயர் பெற்ற முறைக்கு அது முன்னோடி. பத்துப் பேர் வேண்டியதில்லை. நாலு பேர், அதில் இரண்டு பேராவது உங்களைவிட இருபது வயது இளையவர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உங்கள் மகளோடு உட்கார்ந்து, அவள் வாழ்க்கையில் அடுத்து என்ன என்று பேச வேண்டும்.

என் மகனின் வட்டத்தில் ஐந்து பேர். பட்டன் வாங்கிய அந்த அக்காவுக்கு இப்போது முட்டி வலி. தரையில் உட்கார முடியாததால் நாற்காலியில் இருப்பார். அவர் மகள் சின்ன வயதில் அம்மாவோடு வந்து ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவள். இப்போது அவள்தான் எல்லாரையும் கூட்டுகிறாள். எங்களிடம் ஒரு நோட்டு இருக்கிறது. மருந்து, அளவு, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான், இடது கன்னத்தைத் தட்டினால் காதுவலி, இப்படி நான் இருபது வருடத்தில் தெரிந்துகொண்டதெல்லாம் அதில் எழுதியிருக்கிறேன். போன மாதம் பக்கத்தைப் புரட்டியபோது என் கையெழுத்துக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘பட்டன் டப்பா மேல் அலமாரியில். நீலம் அவனாகத் தந்தால் மட்டும் வாங்கவும்.’