அடைப்பு இல்லையென்றால் இதய நோயும் இல்லையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. சித்தி திடீரென்று இறந்த அன்று மாலையே அம்மாவுக்கு நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்தன. ஈசிஜியைப் பார்த்து மாரடைப்பு என்றார்கள், ஆனால் ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை. அதிர்ச்சியால் வந்த 'டகோட்சுபோ' என்கிறார் டாக்டர். 'எல்லாம் மனசுதான், ஆஞ்சியோ வீண்' என்று சொந்தக்காரர்கள் பேசுவதைக் கேட்டு அம்மா குறுகிப் போய்விட்டார். இது நிஜமாகவே இதய நோய்தானா?

பதில்: நிஜமான இதய நோய்தான், அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். மனசு பலவீனமானதால் வந்தது இல்லை. கடும் அதிர்ச்சியில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் வெள்ளமாகப் பாயும்போது இதயத் தசையின் ஒரு பகுதி சுருங்க முடியாமல் ஸ்தம்பித்துவிடுகிறது, பெரும்பாலும் இடது கீழறையின் நுனிப்பகுதி. மேல்பகுதி மட்டும் சுருங்க, நுனி பலூன் மாதிரி உப்பி நிற்கும். 1990-ல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர்களுக்கு அந்த உருவம் தங்கள் ஊரில் ஆக்டோபஸ் பிடிக்கிற, கழுத்து குறுகிய பானையை நினைவூட்டியது. டகோட்சுபோ என்றால் அந்தப் பானைதான். பாதிக்கப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்றவர்களே அதிகம்.

ஆஞ்சியோ வீண் என்ற பேச்சை மட்டும் காதில் வாங்காதீர்கள், எனக்கே அதைக் கேட்டால் கோபம் வருகிறது. நெஞ்சுவலி, ஈசிஜி மாற்றம், ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் கசியும் புரதம்) உயர்வு, மூன்றுமே மாரடைப்பிலும் வரும், இதிலும் வரும். அடைப்பு இருந்து, அதை மன அழுத்தம் என்று விட்டிருந்தால் நேரம் போகப்போகத் தசை செத்துக்கொண்டே போயிருக்கும். அதனால் மாரடைப்பு என்று எடுத்துக்கொண்டு ரத்தக்குழாயைப் பார்த்ததுதான் சரி.

குழாய் திறந்திருந்தால் மட்டும் டகோட்சுபோ என்று முடிவாகிவிடாது. எக்கோவில், அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், ஒரே குழாய் ரத்தம் கொடுக்கிற எல்லையைத் தாண்டிய பெரிய பகுதி அசையாமல் இருக்கும், ஆனால் அவ்வளவு தசை நின்றுபோனதற்கு ட்ரோபோனின் ஏறியது கொஞ்சமாகத்தான் இருக்கும். இதயத்தசை அழற்சியோ என்ற சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ எடுப்பார்கள். டகோட்சுபோவில் தசை வீங்கியிருக்கும், தழும்பு பெரும்பாலும் இருக்காது. கடைசிச் சாட்சி காலம்தான். சில வாரங்கள் கழித்து எடுக்கும் எக்கோவில் இதயம் பழையபடி சுருங்கினால் சந்தேகம் தீர்ந்தது. அந்த எக்கோவைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம், தானாகச் சரியாகிவிடும் என்று மருந்தை நிறுத்த வேண்டாம். ஆரம்ப நாட்களில் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், அசையாத நுனியில் ரத்தம் உறையலாம், அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்கிறார்கள். சிலருக்கு இது திரும்பவும் வருவதுண்டு. மறுபடி நெஞ்சுவலி வந்தால் 'அதே டென்ஷன்தான்' என்று வீட்டில் உட்காராமல் உடனே கிளம்புங்கள்.

ஈசிஜி சீராக வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை எந்த டாக்டரிடம் போனாலும், காய்ச்சலுக்குப் போனாலும்கூட, டிஸ்சார்ஜ் தாளையும் கடைசி ஈசிஜியையும் காட்டுங்கள். சில ஆன்டிபயாடிக்குகளும் மனநல மாத்திரைகளும் ஈசிஜியில் க்யூடி என்கிற இடைவெளியை (ஒரு துடிப்பில் இதயத்தின் மின்னோட்டம் தொடங்கி அடங்க ஆகும் நேரம்) நீட்டும், டகோட்சுபோவில் ஏற்கெனவே அது நீண்டிருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் நீண்டால் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறாகலாம். அந்தத் தாளைப் பார்த்தால் வேறு மாத்திரை எழுதுவார்கள்.