பெயரை இருப்பு வைத்தால் விலை ஏறுமா?

கேள்வி: கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். நல்ல விலைக்குப் போகும் என்று நம்பி, ஊர்ப் பெயரையும் சரக்குப் பெயரையும் சேர்த்து மூன்று ஆண்டுகளில் 43 டொமைன் பெயர்களை (இணையதள முகவரிகளை) வாங்கி வைத்தேன். ஒன்றுகூட விற்கவில்லை. புதுப்பிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 45,000 ரூபாய் ஆகிறது. "ஏனுங் மாப்ளே, பட்டாவும் இல்லாம பத்திரமும் இல்லாம இதென்ன சொத்துங்?" என்று மாமனார் கேட்கிறார். வைத்திருப்பதா, விட்டுவிடுவதா? பட்டியலை இணைத்துள்ளேன். (ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: உங்கள் மாமனார் கேட்டது சரியான கேள்வி. டொமைன் பெயர் கிரயம் செய்து வாங்குகிற மனை அன்று, ஆண்டுக் குத்தகை. அதிகபட்சமாகப் பத்து ஆண்டுகளுக்கு முன்கூட்டியே பணம் கட்டி வைக்கலாமே தவிர, எந்தப் பெயரையும் நிரந்தரமாக வாங்கிவிட முடியாது. குத்தகைத் தொகையும் நிலையாக நிற்பதில்லை. டாட் காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் நிறுவனம் தன் மொத்த விலையை 2024 செப்டம்பரில் 10.26 டாலராக உயர்த்தியது. அதன்மேல் நமக்கு விற்பவரின் இலாபமும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் ஏறுகின்றன.

விலை வரட்டும் என்று விரலி மஞ்சளைக் கிடங்கில் ஆண்டுக்கணக்காக இருப்பு வைத்தவர்கள் உங்கள் உறவிலேயே இருப்பார்கள். அவர்களும் வாடகை கட்டினார்கள், காத்திருந்தார்கள். ஆனால் வீட்டில் ஒரு கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால், ஈரோட்டில் மாதிரியை ஏலத்துக்கு வைத்து அன்றைய விலைக்குத் தள்ளிவிட்டு வர அவர்களால் முடிந்தது. கிழங்கு மஞ்சளுக்கும் அங்கே ஒரு விலை உண்டு. டொமைனுக்கு அன்றைய விலை என்று ஒன்று கிடையாது. இந்தப் பெயர்தான் வேண்டும் என்று ஒருவர் வந்து நிற்கிற நாளில் மட்டுமே அதற்கு விலை. அவர் வராத ஆண்டுகளில் எல்லாம் அது வெறும் செலவு.

பெரிய விற்பனைச் செய்திகளைப் படித்துத்தான் நீங்கள் இதில் இறங்கியிருப்பீர்கள். பிசினஸ் டாட் காம் 1997இல் ஒன்றரை லட்சம் டாலருக்குக் கைமாறி, இரண்டே ஆண்டுகளில் 75 லட்சம் டாலருக்கு விற்றது. வாய்ஸ் டாட் காம் 2019இல் மூன்று கோடி டாலருக்குப் போனது. இரண்டும் உலகமே புழங்குகிற ஒற்றை ஆங்கிலச் சொற்கள். அந்த விலைகளை நம்பி ஊர்ப் பெயர்களை வாங்கிக் குவிப்பது, அவிநாசி சாலையில் சென்ட் என்ன விலைக்குப் போனது என்று கேட்டுவிட்டு வானம் பார்த்த மேட்டாங்காட்டை வாங்குவதற்கு ஒப்பாகும். மேட்டாங்காட்டிலாவது சோளம் விதைக்கலாம்.

உங்கள் பட்டியலில் என்னைக் கவலைப்பட வைத்தவை மூன்று பெயர்கள். நம் பகுதியில் எல்லோரும் அறிந்த நிறுவனங்களின் வணிகப் பெயர்கள் அவற்றில் அப்படியே இருக்கின்றன. அந்த நிறுவனங்களுக்கே கடிதம் எழுதி விலை பேசலாம் என்று நினைக்கிறீர்கள், தயவுசெய்து எழுதாதீர்கள். உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு, பெயர்த் தகராறுகளைத் தீர்க்க 1999இல் கொண்டுவந்த யு.டி.ஆர்.பி. விதிகளின்படி, வணிகக் குறிக்கு உரியவரிடமே கூடுதல் விலைக்கு விற்கும் நோக்கத்தோடு பெயரைப் பதிவு செய்வது தீய எண்ணத்துக்குச் சான்று. உங்கள் கடிதமே உங்களுக்கு எதிரான ஆவணமாகிவிடும். டாட் இன் பெயர்த் தகராறுகளுக்கு ஐ.என்.டி.ஆர்.பி. என்று தனி நடைமுறை இருக்கிறது. டொமைன் பெயருக்கும் வணிகக் குறியைப் போன்ற பாதுகாப்பு உண்டு என்று நம் உச்ச நீதிமன்றமும் 2004இல், சத்யம் இன்ஃபோவே வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த மூன்றையும் புதுப்பிக்காமல் விட்டுவிடுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சளின் பெயரில் வைத்திருப்பதையும், அந்த மஞ்சளை நீங்களே விற்கப் போவதில்லை என்றால், விடுவது நல்லது.

மீதமுள்ளவற்றுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். சத்தியமங்கலத்தில் இருக்கும் ஒரு பெரியப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, எழுத்துக்கூட்டாமல் பெயரை ஒரு முறை மட்டும் சொல்லி, அவரைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது இதுதான் பெரிய தொல்லை. 'ஜமக்காளம்' என்பதில் 'கே' ஒன்றா இரண்டா, நடுவில் வருவது 'ஏ'வா 'யு'வா என்று பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவார்கள். அந்தச் சோதனையில் தேறி, ஒரு தொழில் செய்பவர் தன் பலகையில் எழுதிக்கொள்ளக் கூடியதாகவும் இருக்கிற பெயர்கள் உங்கள் பட்டியலில் ஐந்தோ ஆறோ தேறலாம். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, விற்பனைக்கு என்று ஒரு பக்கம் போட்டு, விலையையும் அதிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியின் டாட் காம் முகவரிக்குப் பணம் கட்டத் தவறி இருபது நாளாகிறது. தளம் செய்து கொடுத்தவர் போனை எடுப்பதில்லை. பெயர் போய்விட்டதா? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: இன்னும் போகவில்லை, ஆனால் இன்றே செயல்படுங்கள். காலாவதியான டாட் காம் பெயரை, அதைப் பதிவு செய்து கொடுத்த பதிவு நிறுவனம் 45 நாள் வரை வைத்திருக்கலாம். அது அவர்கள் விருப்பம், சிலர் ஒரு மாதத்துக்குள்ளேயே ஏலத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அவர்கள் நீக்கிய பிறகு 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அதற்குக் கட்டணம் பல மடங்கு. அதற்கும் பின் ஐந்து நாளில் பெயர் பொதுவுக்கு வரும். அந்த நொடிக்காகவே மென்பொருளோடு காத்திருப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பிறகு அவர்கள் சொல்வதுதான் விலை. வெளிநாட்டு ஆர்டர் மின்னஞ்சல்கள் அந்தப் பெயரில்தானே வருகின்றன? பதிவு நிறுவனத்தையே நேரில் தொடர்புகொண்டு, பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். தளம் செய்தவர் பெயரில் இருந்தால், அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக் கம்பெனி பெயருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: என் டொமைனை 18,000 டாலருக்கு வாங்குவதாக வெளிநாட்டிலிருந்து ஒருவர் எழுதியுள்ளார். அதற்கு முன் தாம் குறிப்பிடும் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? (ஒரு வாசகர், பெருந்துறை)

பதில்: வேண்டாம். சான்றிதழ் விற்கும் தளமும் அவருடையதுதான். கட்டணம் போய்ச் சேர்ந்ததும் மடல் நின்றுவிடும். உண்மையில் வாங்க நினைப்பவர் எஸ்க்ரோ வழியாக, அதாவது பெயர் கைமாறும் வரை பணத்தைப் பிடித்து வைக்கும் நடுவர் நிறுவனம் வழியாக, பணம் செலுத்தச் சம்மதிப்பார். பணம் அங்கே வந்துவிட்டது என்ற உறுதி கிடைத்த பிறகே பெயரை மாற்றும் குறியீட்டைக் கொடுக்க வேண்டும்.