ஓய்வு பெற்ற அம்மாவின் மறதி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். இப்போது நாள் முழுக்க டிவி முன்னால்தான். கடைக்குப் போய், எதற்கு வந்தோம் என்பதை மறந்து திரும்பி வருகிறார். வாசிக்க அவ்வளவாகத் தெரியாது என்பதால் குறுக்கெழுத்து, சுடோகு எதுவும் சரிவராது. நான் கொழும்பில் வேலை செய்கிறேன். அம்மாவின் மூளை சோராமலிருக்க என்ன செய்யலாம்?

பதில்: குறுக்கெழுத்து சரிவராததில் பெரிய நட்டமில்லை. அதைப் போடுகிறவர் பெரும்பாலும் அதில் மட்டும்தான் கெட்டிக்காரராகிறார். அம்மா இழந்தது வேறு. எது இளங்கொழுந்து, எது முற்றல் என்று கண் பிரித்தது. நிறுவைக்கு எத்தனை கிலோ வரும் என்று மனம் கணக்குப் போட்டது. பக்கத்து நிரைக்காரிகளோடு பேச்சு ஓயவில்லை. கால் மலை ஏறி இறங்கியது. ஓய்வோடு நான்கும் ஒன்றாக நின்றுவிட்டன. அவற்றுக்கு ஈடாக ஏதாவது வேண்டும்.

அதற்கு முன் கிளினிக். மறதிக்குப் பின்னால் திருத்தக்கூடிய காரணம் இருந்தால், எந்தப் பயிற்சியும் அதை ஈடுகட்டாது. பிரஷர், வெறும் வயிற்றுச் சீனி, இரத்தச் சோகை, தைராய்டு, விட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் பல வருடம் குடிப்பவர்களுக்கு பி12 குறையலாம். தடிமலுக்கென்று இரவில் பிரிட்டோன் மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு அது தூக்கக் கலக்கத்தையும் மறதியையும் தரும். காதையும் கண்ணையும் விட்டுவிட வேண்டாம். மறதி நோயைத் தள்ளிப்போட மாற்றியமைக்கக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. கேள்திறன் குறைவு, பார்வைக் குறைவு, தனிமை, காற்று மாசு எல்லாம் அதில் உண்டு. பாதி காதில் விழாத பேச்சு ஞாபகத்தில் நிற்காது. காதில் குறும்பி அடைத்திருந்தால் வைத்தியசாலையில் எடுக்கட்டும், கொண்டை ஊசி வேண்டாம். விறகடுப்பு என்றால் புகை வெளியேற வழி செய்யுங்கள்.

பழகிய பாதையில் வழி தவறுவது, மீதிக் காசு எண்ணத் தடுமாறுவது, அடுப்பில் வைத்ததை அடிக்கடி கருகவிடுவது இவையெல்லாம் சாதாரண மறதி அல்ல. உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். திடீர்க் குழப்பமோ, வாய் கோணுவதோ, ஒரு பக்கம் பலமிழப்பதோ தெரிந்தால் 1990 அம்புலன்ஸ்தான், காத்திருக்கக் கூடாது.

இனி புதிய பழக்கம். அது அம்மா இதுவரை செய்யாததாக, கொஞ்சம் கடினமாக, இன்னொருவரோடு சேர்ந்து செய்வதாக இருக்க வேண்டும். எங்கள் முதல் தெரிவு வாட்ஸப் குரல் செய்தி. எழுத்து தேவையில்லை. உங்கள் படத்தைப் போட்டு, உங்கள் உரையாடலை மேலே நிற்கும்படி பின் செய்துவிடுங்கள். முதல் மூன்று நாள் படத்தைத் தொட்டுத் திறப்பது மட்டும். பிறகு மைக்கை அழுத்திப் பிடிப்பது, பேசுவது, விரலை எடுப்பது. விரல் முன்னமே தூக்கப்படுவதுதான் வழமையான பிழை. மைக்கை மேலே தள்ளிப் பூட்டக் காட்டிக் கொடுங்கள், ஆனால் அது அடுத்த வாரம். ஒரு படி பழகியதும் பத்து நிமிடம் கழித்துச் செய்யச் சொல்லுங்கள், பிறகு ஒரு மணி நேரம், பிறகு மறுநாள். இடைவெளி விட்டு நினைவுகூர்வதுதான் பதியவைக்கிறது. பெரிய இடைஞ்சல் பேரப்பிள்ளைகள்: "விடுங்க அம்மாயி, நான் செய்றேன்" என்று ஃபோனைப் பிடுங்கிவிடுவார்கள். அவர்கள் வாயால் சொல்லட்டும், கை அம்மாவுடையதாகவே இருக்கட்டும்.

எழுத்துப் படிக்க ஆசைப்பட்டால் பஸ் பெயர்ப்பலகை நல்ல பாடம். ஹட்டன், நுவரெலியா, டயகம என்று அம்மாவுக்கு ஏற்கனவே தெரிந்த ஊர்கள். வாரத்துக்கு ஒரு பெயர் போதும். குளிருக்குக் கம்பளித் தொப்பி பின்னுவதும் நல்லதுதான், ஏற்கனவே பின்னத் தெரிந்தவராக இல்லாவிட்டால். தெரிந்த வேலை கைக்குச் சுகம், மூளைக்குச் சவால் அல்ல. மாதம் ஒரு தடவை புது இடம்: ஹக்கலைப் பூங்கா, சீதா எலிய கோயில். டிக்கெட்டை அவரே வாங்கி மீதியை எண்ணட்டும். இரவில் பார்த்ததைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வரிசையாகச் சொல்லட்டும்.

நடை வாரத்துக்கு 150 நிமிடம்: தினம் அரை மணி, ஐந்து நாள், பனி விலகிய பிறகு. இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும். தோட்டத்து மட்டப் பாதையே மேல், செருப்பல்ல, சப்பாத்து. தேத்தண்ணியையும் எண்ணிப் பாருங்கள். ஆறு கோப்பை, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் கிட்டத்தட்ட 48 கிராம் சீனி. 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. வல்லாரைச் சம்பல் தாராளமாகச் சாப்பிடட்டும், ஞாபகசக்தி மாத்திரைக்குக் காசு கொட்ட வேண்டாம்.

டிவியை நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். இரவு அழைப்பில் "சாப்பிட்டீங்களா?" என்பதோடு விட்டால் பதில் ஒரு சொல்லில் முடியும். இன்றைக்கு நாடகத்தில் யார் யாரை ஏமாற்றினார்கள், நாளைக்கு என்ன நடக்கும் என்று கேளுங்கள். கதையைக் கோர்த்துச் சொல்ல வேண்டி வரும். இரண்டு மாதம் இப்படிப் போயும் மறதி கூடினால் மறுபடி கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். எந்தெந்த நாள் எதை மறந்தார் என்ற குறிப்பையும் கையோடு கொடுங்கள்.