35%னா என்ன அர்த்தம்? போக்கர் கணக்கு பத்தி உங்க கேள்விகள்

போன இதழ்ல சீட்டுக்கட்டை வச்சு நிகழ்தகவு பத்தி கொஞ்சம் எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல போக்கர் பத்திதான். நாலு கேள்வி எடுத்திருக்கேன்.

கேள்வி: ஹாஸ்டல்ல நாங்க அஞ்சு பேர், காசு வைக்காம வெறும் சிப்ஸ் வச்சு டெக்சஸ் ஹோல்டம் ஆடுறோம் சார். என் கையில ரெண்டு ஆட்டின், ஃப்ளாப்ல ரெண்டு ஆட்டின். ஃப்ளஷ் விழ 35% சான்ஸ்னு எங்கயோ படிச்சிருந்தேன், அதை நம்பி கடைசி வரைக்கும் போட்டுக்கிட்டே இருந்தேன், மொத்தமும் போச்சு. அந்த 35% சரிதானா? (கோயம்புத்தூர் மாணவர்)

பதில்: 35% சரிதான் தம்பி, நீங்க அதை எடுத்துக்கிட்ட இடம்தான் தப்பு. ஆட்டம் தெரியாதவங்களுக்காக ஒரு வரி சொல்லிடுறேன், ஒவ்வொருத்தர் கையிலயும் 2 சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா முதல்ல 3 சீட்டு விரிப்பாங்க, அது ஃப்ளாப், அப்புறம் ஒண்ணு டர்ன், கடைசியா ஒண்ணு ரிவர். இந்த ஏழுல நல்ல அஞ்சு சேர்ந்ததுதான் உங்க கை, அந்த அஞ்சும் ஒரே இனமா இருந்தா அதுதான் ஃப்ளஷ்.

இப்ப உங்க நிலைமைக்கு வருவோம். ஒரு கட்டுல 13 ஆட்டின், அதுல 4 உங்க கண்ணுக்கு தெரியுது, பாக்கி 9. இந்த ஒன்பதைத்தான் அவுட்ஸ்னு சொல்றாங்க, அதாவது வந்தா உங்க கையை தூக்கிவிடுற சீட்டுங்க. 52ல நீங்க பார்த்தது 5, பார்க்காதது 47. "எதிராளி கையிலயே ரெண்டு ஆட்டின் இருந்தா?"ன்னு என் வகுப்புல எல்லா வருஷமும் ஒருத்தராவது கேட்பாங்க, நல்ல கேள்விதான், ஆனா அவர் கையில இருக்கிறதும் கட்டுல இருக்கிறதும் நமக்கு ஒண்ணுதான், ரெண்டுமே நாம பார்க்காத சீட்டு, அதனால 47ன்னே வச்சுக்கணும். டர்ன்ல ஆட்டின் வர 47க்கு 9, அது 19%. டர்ன், ரிவர் ரெண்டுலயும் வராமலே போறதுக்கு 47க்கு 38, அதை 46க்கு 37ஆல பெருக்குனா 65% வரும், அப்போ ஒரு தடவையாவது வர மிச்சம் 35%. நீங்க படிச்சது இதுதான்.

ஆனா இது ரெண்டு சீட்டும் பார்க்கிறவனுக்கான கணக்கு. டர்ன் விழுந்து அது ஆட்டின் இல்லைன்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே 35% செத்துப்போச்சு, இப்ப உங்களுக்கு இருக்கிறது 46க்கு 9, இருபதுக்கும் ஒரு துளி கம்மி. நிறைய பேர் மனசுல மட்டும் அந்த 35 அப்படியே உட்கார்ந்திருக்கும், அதை வச்சே ரிவர் வரைக்கும் காலிங் போடுவாங்க, அதாவது எதிராளி போட்ட அளவு தானும் போட்டுக்கிட்டே இருப்பாங்க, நீங்களும் அதைத்தான் பண்ணியிருக்கீங்க.

அடுத்தது, சான்ஸ் எவ்வளவுன்னு மட்டும் தெரிஞ்சா பத்தாது, அந்த சான்ஸுக்கு என்ன விலை கேட்கிறாங்கன்னும் பார்க்கணும். நடுவுல 600 சிப்ஸ் இருக்கு, எதிராளி 300 போடுறார்னு வைங்க, நீங்களும் 300 போட்டா மொத்தம் 1200. 1200க்காக 300 கொடுக்கிறீங்க, அது கால்வாசி, அப்போ நாலு தடவைக்கு ஒரு தடவையாவது ஜெயிச்சாத்தான் முதல் திரும்பும், அதாவது 25% வேணும். உங்க கையில இருக்கிறது 20%கூட இல்ல. அப்போ மடக்கிட வேண்டியதுதான். அதே 600க்கு அவர் 100 மட்டும் போட்டிருந்தா 800க்கு 100, பன்னிரண்டரை சதவீதம் இருந்தா போதும், தாராளமா போடலாம். கை அதேதான், விலைதான் வேற. போக்கர்ல எனக்கு ரொம்ப பிடிச்ச இடமே இதுதான்.

மேஜையில உட்கார்ந்து பெருக்கிக்கிட்டு இருக்க முடியாதுன்னா ஒரு குறுக்குவழி, ஒரு சீட்டு பாக்கின்னா அவுட்ஸை 2ஆல பெருக்குங்க, ரெண்டு சீட்டு பாக்கின்னா 4ஆல. ஒன்பது அவுட்ஸுக்கு 18, 36, நிஜத்துக்கு பக்கத்துலதான் நிக்குது. இன்னொண்ணு, ஃப்ளஷ் விழுந்துட்டா ஜெயிச்சாச்சுன்னு இல்ல, எதிராளிகிட்ட அதைவிட பெரிய ஆட்டின் இருக்கலாம், நடுவுல ஒரு ஜோடி விழுந்தா ஃபுல் ஹவுஸே (ஒரே மாதிரி மூணு, கூட ஒரு ஜோடி, ஃப்ளஷைவிட பெருசு) இருக்கலாம்.

கேள்வி: கையில ரெண்டு ஏஸ் வந்தும் தோத்தேன், அதுவும் ஒரே ராத்திரியில ரெண்டு தடவை. இது எப்படிங்க நியாயம்? (திருச்சி வாசகர்)

பதில்: கையில ஜோடி ஏஸ் வர்றது சராசரியா 221 தடவைக்கு ஒரு தடவை, அதனால அது வந்து தோத்தா வலி ஜாஸ்தி, புரியுது. எதிர்ல ஒரே ஆள், என்ன சீட்டுன்னே தெரியாத கைன்னா ஏஸ் ஜோடி 85% ஜெயிக்கும். ஆனா எதிர்ல அஞ்சு பேர் கடைசி வரைக்கும் நின்னா அதே ஏஸ் பாதிக்கும் கொஞ்சம் கீழ இறங்கிடும். ராஜா ஜோடியோட நேருக்கு நேர் மோதினாக்கூட 82தான், 18 தடவை ராஜா ஜெயிக்கும், அந்த 18ல நீங்க ஒரு நாள் நிக்கத்தான் செய்வீங்க.

2003ல லாஸ் வேகாஸ்ல நடந்த வேர்ல்டு சீரிஸ் போக்கர் போட்டியோட முக்கிய ஆட்டமான மெயின் ஈவென்ட்டை பாருங்க. 839 பேர் ஆடுனாங்க, பத்து பேர் மிச்சம் இருக்கும்போது தொழில்முறை ஆட்டக்காரர் ஃபில் ஐவி கையில ஜோடி ஒன்பது, கிறிஸ் மணிமேக்கர் கையில ஏஸும் ராணியும். ஃப்ளாப் ராணி, ராணி, ஆறு. டர்ன் ஒன்பது, ஐவிக்கு ஃபுல் ஹவுஸ், இருந்ததெல்லாம் நடுவுல போயிடுச்சு. மணிமேக்கரை காப்பாத்த மூணு ஏஸ், மூணு ஆறு, ஒரு ராணி, ஆக 7 சீட்டு, ரெண்டு பேர் கையும் நமக்குத் தெரியுறதால பாக்கி இருந்தது 44. கிட்டத்தட்ட 84% ஐவி பக்கம். ரிவர்ல ஏஸ் விழுந்துச்சு, ஐவி வெளிய போனார், அக்கவுண்டன்ட் வேலை பார்த்துக்கிட்டிருந்த மணிமேக்கர் அந்தப் பட்டத்தையே ஜெயிச்சு 25 லட்சம் டாலர் வாங்கினார்.

எல்லாரும் ஐவிக்கு அதிர்ஷ்டம் இல்லன்னு அந்த ரிவரைத்தான் பேசுறாங்க. ஆனா டர்ன்ல அந்த ஒன்பது வந்ததே 45க்கு 2, அஞ்சு சதவீதம்கூட இல்ல, அதை யாரும் ஞாபகம் வச்சுக்கிறதில்ல. நமக்கு வந்த நல்ல சீட்டு நம்ம திறமை, எதிராளிக்கு வந்தது அநியாயம்னு மனசு எழுதி வச்சுக்குது. உங்க ரெண்டு ஏஸ் தோல்வியோட அதே ராத்திரி உங்களுக்கு வந்து விழுந்த சீட்டுங்களையும் ஒரு தாள்ல எழுதிப் பாருங்க.

கேள்வி: எட்டு தடவை வரிசையா ஃப்ளஷ் வராம போச்சு. அடுத்தது வந்தே ஆகணும் இல்லையா? (மதுரை வாசகர்)

பதில்: இல்லீங்க. ஃப்ளாப்ல நாலு சேர்ந்து நிக்கிறப்போ எட்டு தடவையும் வராம போறது 3% நடக்கும், அடிக்கடி ஆடுறவருக்கு அது ஒண்ணும் பெரிய அதிசயம் இல்ல. ஒன்பதாவது தடவையும் அதே 35தான், சீட்டுக்கட்டை கலைச்சாச்சுன்னா அதுக்கு பழசு எதுவும் தெரியாது. 1913 ஆகஸ்ட்ல மான்டி கார்லோ கேசினோவுல ரூலட் சக்கரத்துல கருப்பு வரிசையா 26 தடவை விழுந்துச்சு, அடுத்தது சிவப்புதான் சிவப்புதான்னு மேல மேல கட்டினவங்க நிறைய இழந்துட்டுப் போனாங்க.

கேள்வி: என் தம்பி காசு வச்சு ஆடுறான். கேட்டா "அக்கா இது சூதாட்டம் இல்ல, எனக்கு கணக்கு தெரியும், போனதை எடுத்துருவேன்"ங்கிறான். கணக்கு தெரிஞ்சா நிஜமாவே ஜெயிக்கலாமா? (சேலம் வாசகி)

பதில்: அம்மா, உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். கணக்கு தெரிஞ்சவன் தெரியாதவனைவிட நல்லா ஆடுவான், அது உண்மை. ஆனா எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் அதே கணக்கு தெரியும், அதோட ஆட்டம் நடத்துறவங்க ஒவ்வொரு பாட்லயும், அதாவது நடுவுல சேர்ந்த பணத்துல, ரேக்னு ஒரு பங்கு எடுத்துக்கிறாங்க. சமமா ஆடுற ஆறு பேர் ராத்திரி பூரா ஆடினா, ரேக் போக ஆறு பேர் பணமும் சேர்த்துப் பார்த்தா கம்மியாத்தான் இருக்கும். நான் மேல சொன்ன சதவீதம் எல்லாம் ஆயிரக்கணக்கான ஆட்டத்துக்கு அப்புறம்தான் நிலைக்கு வரும், வீட்டு வாடகையை வச்சு ஆடுறவனால அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க முடியாது. "போனதை எடுத்துருவேன்"கிறது கணக்கு பேசுற பேச்சே இல்ல, கணக்கு தெரிஞ்சவன் போனதைப் பத்தி நினைக்கவே மாட்டான், அடுத்த முடிவை மட்டும்தான் பார்ப்பான்.

ஆன்லைன்னா, 2025ல வந்த மத்திய சட்டம் காசு வச்சு ஆடுற ஆட்டத்தை திறமையா அதிர்ஷ்டமான்னு பிரிச்சுப் பார்க்காம தடை பண்ணிடுச்சு, அதையும் அவன்கிட்ட சொல்லுங்க. முதல்ல கடன் எவ்வளவுன்னு திட்டாம உட்கார்ந்து கேளுங்க. தன்னால நிறுத்த முடியலைன்னு அவன் வாயால வந்தா 14416ல டெலி மனஸ் இருக்கு, அரசாங்கத்தோடது, இலவசம், தமிழ்ல பேசுவாங்க. கூட நீங்களே உட்கார்ந்து போன் போட்டுக் கொடுங்க.

கோயம்புத்தூர் தம்பிக்கு ஒரு வேலை. ஒரு கட்டுல நாலு ஆட்டினையும் வேற ஒரு சீட்டையும் தனியா எடுத்து வச்சுட்டு, மிச்சம் 47ஐ கலைச்சு மேல இருந்து ரெண்டு சீட்டு திருப்புங்க, ஆட்டின் வந்துச்சா இல்லையான்னு ஒரு கோடு போடுங்க, மறுபடி கலைங்க. ஹாஸ்டல்ல அஞ்சு பேரும் ஆளுக்கு நூறு தடவை. எத்தனை வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல அஞ்சு பேர் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல போடுறேன்.