இரும்புப் பாய்மரக் கப்பல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: விக்டோரியா காலத்தில் வெல்டிங் கிடையாது. ரிவெட் (இரு தகடுகளைப் பிணைக்கும் தலையுள்ள ஆணி) அடித்த தகடுகளுக்கு நடுவே கடல்நீர் புகாமல் எப்படித் தடுத்தார்கள்?

பதில்: எல்லாம் துளையில் தொடங்குகிறது. இரு தகடுகளும் ஒட்டவேண்டிய முகத்திலிருந்துதான் துளை குத்தவேண்டும். துளைகுத்தும் உளி உள்ளே போகப்போகத் துளை சற்று அகலும். ஆகவே தகடுகளைச் சேர்த்ததும் நடுவில் குறுகி, இரு வெளிப்புறமும் விரிந்த துளை கிடைக்கும். பழுக்கக் காய்ச்சிய ரிவெட் அதை நிரப்பி, ஆறும்போது சுருங்கித் தகடுகளை இறுக்கிவிடும்.

ஒரு பையன் உலையில் ரிவெட் காய்ச்சுவான். உள்ளே ஒருவர் கனத்த சுத்தியலால் அதன் தலையை அழுத்திப் பிடிக்க, வெளியே இருவர் மாறிமாறி அடிப்பார்கள். நீருக்குள் இருக்கும் வெளிமுனையைத் தகட்டோடு சமமாக அடித்துவிடுவார்கள்.

இரு தகடுகளின் துளைகள் நேராக அமையாததுதான் பெரிய தொல்லை. அவசரக்காரர்கள் கூரான முளையை உள்ளே அடித்துத் துளையை இழுத்துவிடுவார்கள். ஓரத்தில் விரிசல் விழும், துளை நீள்வட்டமாகும், ரிவெட் அதை முழுதாக நிரப்பாது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது! அதனால்தான் பரிசோதகர் ரிவெட்டுகளைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும்.

இடைவெளிக்கும் கணக்கு உண்டு. இரும்புக் கப்பலுக்கான விதிகளை, கப்பல்களைச் சோதித்துத் தரம் பிரிக்கும் லாயிட்ஸ் ரெஜிஸ்டர் அமைப்பு முதன்முதலில் வெளியிட்டது 1855-இல். தகட்டு மூட்டில் ரிவெட் விட்டத்தின் நான்கு மடங்குக்குள் அடுத்தது வரவேண்டும் என்பது வழக்கம். முக்கால் அங்குல ரிவெட்டுக்கு 3 அங்குலம். கப்பலின் விலா எலும்புபோல் நிற்கும் சட்டத்தில் எட்டு மடங்கு போதும். அங்கே நெருக்கமாகத் துளையிட்டால் தகடு தபால்தலைத் தாள்போல அந்தக் கோட்டிலேயே கிழியும்.

கடைசி வேலை விளிம்பில். மழுங்கிய உளியால் மேல்தகட்டின் ஓரத்தை அடித்துக் கீழ்த்தகட்டோடு நெருக்குவார்கள். நீரை நிறுத்துவது பெரும்பாலும் இந்த உளிவேலைதான்.

கேள்வி: 1869-இல் கட்டிய ‘கட்டி சார்க்’ என்ற தேயிலைக் கப்பலில் இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை எதற்கு?

பதில்: பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடிப்பகுதிக்குச் செம்புக் கலவைத் தகடு போடவேண்டும். அதை இரும்பின்மேல் நேராகப் போர்த்தினால் உப்புநீரில் இரும்பு அரித்துப்போகும். நடுவே மரம் இருந்தால் ஆபத்தில்லை. வேகம் குறையக்கூடாத தேயிலைக் கப்பலுக்கு இந்தச் செலவு நியாயமானதே.

கேள்வி: இரும்புக் கப்பலில் திசைகாட்டி பொய் சொல்லுமாமே?

பதில்: சொல்லும். கட்டுதளத்தில் கப்பல் ஒரே திசையைப் பார்த்து நிற்க, மாதக்கணக்கில் விழும் சம்மட்டி அடியில் பூமியின் காந்தம் அதில் ஏறிவிடும். 1838-இல் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கில வானியலாளர், ரெயின்போ என்ற இரும்புக் கப்பலில் சோதித்து, திசைகாட்டியருகே காந்தங்களும் மெல்லிரும்பும் வைத்துத் திருத்தும் முறையைக் கண்டார். ஆனால் புதுக் கப்பலின் காந்தம் முதல் பயணங்களிலேயே மாறும். அப்போது திருத்தமே பிழையாகும். 1854 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து மெல்போர்னுக்குப் புறப்பட்ட டெய்லர் என்ற புது இரும்புக் கப்பல், திசைகாட்டிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட நிலையில், இரண்டே நாளில் டப்ளின் அருகே லாம்பே தீவில் மோதியது. இறந்தோர் 300-க்கும் மேல்.

இதற்கு எளிய மருந்து: நீரில் இறக்கியபின், கட்டியபோது இருந்ததற்கு நேரெதிர்த் திசையில் நிறுத்தி மீதி வேலையை முடிப்பது. பின்பு கப்பலைச் சுற்றித் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் திசைகாட்டி எவ்வளவு விலகுகிறது என்று அட்டவணை எழுதிக்கொள்வது. ஒவ்வொரு பயணத்துக்கும் அதைப் புதிதாக எடுக்கவேண்டும்.